தலைமை நடுவரின் பிரேக்

மனித நாகரிகம் நிற்பது நேர்மை என்ற ஒற்றைத் தூணின் மேல்தான். அது சாய்ந்தால் அரசுகள் சாயும், குடும்பங்கள் சாயும், கடைசியில் மிச்சிகன் மாநிலமே சாயும். டுவேன் ஹூக்ஸ்ட்ரா இதை ஹாலோவே ஊர்ப் பழைய கார் சங்கத்தின் ஒவ்வொரு ஆண்டு விழாவிலும் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லிவருகிறார். நேர்மை என்று அவர் குறிப்பிடுவது ரேடியேட்டர் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப்பை.

தொழிற்சாலை அந்தக் காலத்தில் கம்பிக் கிளாம்ப் போட்டு அனுப்பியிருந்தால் இன்றைக்கும் கம்பிக் கிளாம்ப்தான் இருக்க வேண்டும். திருகு வைத்த கிளாம்ப் போட்டவன், டுவேனின் பார்வையில், நாளைக்கு எதையும் செய்யத் துணிவான்.

டுவேனுக்கு அறுபத்தெட்டு வயது. அலுவலக நாற்காலி செய்யும் கம்பெனியில் விற்பனை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கத்தின் தலைவரும் அவரே, தலைமை நடுவரும் அவரே. கண்காட்சி நாட்களில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியுமாக அடுத்தவர் கார்களுக்கு அடியில் படுப்பார். எழுந்திருக்கும்போது முகத்தில் ஒரு துக்கம் இருக்கும். எத்தனை மார்க் போயிற்று என்பதைக் கார்க்காரர் அந்தத் துக்கத்தின் ஆழத்தை வைத்தே தெரிந்துகொள்வார்.

அவருடைய சொந்தக் கார், பெரிய என்ஜின் வைத்த அறுபத்தொன்பதாம் வருஷத்து மஸல் கார். ஆரஞ்சு நிறம், மடக்குக் கூரை, மூக்கின் மேல் இரண்டு கறுப்புப் பட்டை. முன்பக்கக் கிராதியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பித்தளைத் தகடு. 'கைபடாதது' என்று பொறித்திருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் கார்களுக்குச் சங்கம் கொடுக்கிற மரியாதை அது. அதைத் தமக்கே கொடுக்க நேர்ந்தபோது டுவேன் மிகவும் கூச்சப்பட்டார்; வாக்கெடுப்பு நடக்கும்வரை அறையை விட்டு வெளியே போய் நின்றார், முடிந்ததும் உள்ளே வந்து எழுதி வைத்திருந்த ஏற்புரையைப் படித்தார். மாற்றம் செய்துவிட்டு மறைப்பவர் தகட்டையும் இழப்பார், இனி நடுவராகவும் இருக்க முடியாது என்ற விதியும் அவர் எழுதியதுதான்.

போன வருஷம் அந்தத் துக்க முகம் ராக்ஸேன் டிப்பெட்டுக்குக் கிடைத்தது. ராக்ஸேன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர். அவருடைய கார் வேகப் பந்தயத்துக்குத் தயார் செய்தது போல உறுமும். அதை அவர் மறைத்ததும் இல்லை, தகடு கேட்டதும் இல்லை. ஆனால் மட்கார்டுக்குப் பின்னால் பிரேக்குக்குத் துணையாக ஒரு சின்ன மின்சாரப் பம்ப் இருப்பதை டுவேனின் கண்ணாடி கண்டுபிடித்துவிட்டது. பதினைந்து மார்க்.

"பிரேக் பிடிக்க வேணாமா டுவேன்?" என்றார் ராக்ஸேன்.

"தொழிற்சாலை குடுத்த பிரேக்கை வச்சுத்தான் அன்னிக்கு எல்லாரும் ஓட்டினாங்க."

"ஓட்டினாங்க. பாதிப் பேரு மரத்துல போய் நின்னாங்க."

டுவேன் அதற்கும் சேர்த்து இரண்டு மார்க் குறைத்தார்.

இதெல்லாம் சரி. ஆனால் வியாழக்கிழமை சாயங்காலங்கள் என்று ஒன்று இருந்தது. கோடைக்காலத்தில் வியாழக்கிழமைதோறும் சங்கத்துக்காரர்கள் நெடுஞ்சாலை ஓரத்து ஐஸ்கிரீம் கடை முன்னால் கார்களை வரிசையாக நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, மடக்கு நாற்காலி போட்டு உட்காருவார்கள். ராக்ஸேனின் கார் நின்ற இடத்திலேயே லொடக், லொடக் என்று நொண்டும். கட்டிப்போட்ட குதிரை காலை உதைப்பது போன்ற அந்தச் சத்தத்துக்குக் கூட்டம் சேரும். டுவேனின் கார் ஃப்ரிட்ஜ் மாதிரி முனகும். ஒருநாள் கையில் கோன் ஐஸ்கிரீமோடு ஒரு பெண்மணி வந்து, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "இது ஓடுமா, இல்ல சும்மா பார்வைக்கு வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் டுவேன் உருளைக்கிழங்கைத் தொடவில்லை.

ஜனவரியில், ஊரே பனியில் புதைந்திருந்தபோது, அவர் காரை மூடிய டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு எல்லை தாண்டி இண்டியானாவுக்குப் போனார். மனைவி மார்லிஸிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். டிரெய்லரோடு எதற்கு என்று மார்லிஸ் கேட்கவில்லை. கேட்காமல் விட்ட கேள்விகளைப் போட்டு வைக்க அவருக்குள் ஒரு பெரிய பரணே இருந்தது. இண்டியானாவில் டுவேனை யாரென்றே தெரியாத ஒரு மெக்கானிக், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டைக் கழற்றிவிட்டு, முரட்டுத் தண்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தார். "பிரேக்கைக் கொஞ்சம் பாத்துக்குங்க" என்றும் சொன்னார். டுவேன் அப்போது என்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததால் வேறு எதுவும் காதில் விழவில்லை.

ஜூன் மாதத்தின் முதல் வியாழக்கிழமை ஐஸ்கிரீம் கடைக் கூட்டம் முழுக்க அவர் பக்கம் வந்தது. எப்படி இந்தச் சத்தம் என்று கேட்டவர்களிடம், முறையாகப் பராமரித்தால் தொழிற்சாலை என்ஜின் இப்படித்தான் பேசும் என்றார். சொன்னவர் தலைமை நடுவர் என்பதால் எல்லோரும் நம்பினார்கள். சிலர் அன்றைக்கே வீட்டுக்குப் போய்த் தங்கள் என்ஜின்களைக் கோபமாகப் பார்த்தார்கள்.

அடுத்த வியாழக்கிழமை டுவேன் ஐஸ்கிரீம் கடை முன்னால் பிரேக்கை மிதித்தார். கார் பக்கத்துக் கட்டடமான இறுதிச் சடங்கு இல்லத்தின் வாசலில் போய் நின்றது. அவர் நிதானமாக இறங்கி, அன்றைய அஞ்சலிப் பலகையைத் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி படித்தார். உள்ளேயிருந்து வந்த ஒருவர் அவர் கையைப் பற்றி ஆறுதல் சொன்னார். டுவேன் அதைப் பெற்றுக்கொண்டார்.

காரணம் அவருக்குத் தெரியாததல்ல. ஓடுகிற என்ஜின் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த இழுப்பில் கொஞ்சத்தை வாங்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு, பூஸ்டர் என்கிற கறுப்பு டப்பா பிரேக் மிதிக்கும் காலுக்குக் கைகொடுக்கிறது. முரட்டுத் தண்டு போட்ட என்ஜினுக்குச் சத்தம் ஜாஸ்தி, இழுப்பு கம்மி. நின்று நின்று போகும்போது சுத்தமாகவே கம்மி. அப்போது பிரேக்கை மிதிப்பதும் செங்கல்லை மிதிப்பதும் ஒன்று.

இதை அவர் யாரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார். மார்லிஸ்தான் சர்ச்சில் காபி குடிக்கும்போது, "டுவேனோட காரு நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டார். அடுத்த சனிக்கிழமை காலையில் சங்கமே அவர் கராஜில் இருந்தது. ஹாலோவேயில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாலு பேர் பார்க்கப் போவார்கள். ஒருவர் காருக்கு உடம்பு சரியில்லை என்றால் எல்லோரும் டோனட்டோடு வருவார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் காரில் கடைசியாக எதை மாற்றினார்களோ அதுதான் கோளாறு என்று சொன்னார்கள்.

தலைமை வைத்தியர் வெர்ல். ஊரில் இருக்கும் ஒரே உதிரிபாகக் கடையின் கல்லாவில் முப்பது வருஷமாக நிற்பவர். யார் எதை வாங்கினார்கள் என்பது அவர் வழியாக மதியச் சாப்பாட்டுக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். அவர் என்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக்கைப் பலமுறை மிதித்து, காலை அதன் மேலேயே வைத்துக்கொண்டு என்ஜினைப் போடச் சொன்னார். நல்ல பூஸ்டர் என்றால் அந்த நேரம் பெடல் தானாகக் கீழே இறங்க வேண்டும். இந்தப் பெடல், அழைக்காத கல்யாணத்துக்கு வந்தவர் பந்தியில் உட்காருவது போல, யோசித்து யோசித்துக் கொஞ்சம் இறங்கியது.

"பூஸ்டர் போச்சு" என்றார் வெர்ல்.

டுவேன் ஆழ்ந்து யோசித்து, இருக்கலாம் என்றார். அவர்கள் குழாயை மாற்றினார்கள். குழாயில் இருக்கும் ஒருவழி வால்வை மாற்றினார்கள். அதற்கடுத்த சனிக்கிழமை பூஸ்டரையே மாற்றினார்கள். புதியதில் சரியான காலத்து முத்திரை இருக்கிறதா என்று டுவேன் கண்ணாடி வைத்துப் பார்த்து, இருக்கிறது என்று அறிவித்தார். கோளாறு அங்கே இல்லை என்று தெரிந்த ஒரே மனிதர் அவர்தான் என்பதால், வேலை நடந்த நேரம் முழுக்க மிகவும் கவலையாக இருப்பது போல் நின்றது அவருக்கு முதுகு வலி கொடுத்தது. கார் மட்டும் முன்போலவே நிற்காமல் போனது.

கடைசியில் ராக்ஸேன் வந்தார். ஒரு டோனட்டை எடுத்துக்கொண்டார். என்ஜின் நொண்டுவதைத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"கேஜ் வச்சு இழுப்பு எவ்வளவுன்னு பாத்தீங்களா?"

 இந்த இரண்டு வாரமாக யாருக்கும் அது தோன்றவில்லை. கேஜ் வைத்தால் முள் விழுந்து கிடக்கும், விழுந்து கிடந்தால் தண்டு மாற்றியது தெரியும், தெரிந்தால் டுவேனின் தகடு போகும்.

டுவேன் தொண்டையைச் செருமினார். கேஜ் மாட்ட வேண்டுமானால் கார்புரேட்டரில் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்ற வேண்டும், அந்த மூடி தொழிற்சாலை போட்டது, ஐம்பத்தைந்து வருஷமாக யாரும் தொடாதது, அதை ஒரு சந்தேகத்துக்காகக் கழற்றுவது நூலகத்தைக் கொளுத்திக் குளிர் காய்வது போல என்றார். பலர் தலையசைத்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"உன் மூடி, உன் இஷ்டம்" என்றார் ராக்ஸேன். "ஜூலை நாலு ஊர்வலத்துல உன் பின்சீட்டுல உக்காரப்போறது நான்தான், ஞாபகம் வச்சுக்கோ."

அது உண்மை. ஓய்வு பெறும் ராக்ஸேனுக்குத்தான் இந்த வருஷச் சுதந்திர தின ஊர்வலத்தில் மரியாதை. மரியாதை பெறுபவரைத் தலைமை நடுவரின் காரில் ஏற்றிச் செல்வது வழக்கம். ஊர்வலம் என்றால் நடை வேகம். நடை வேகம் என்றால் என்ஜின் இழுப்பு அடிமட்டம். போதாததற்குப் பிரதான வீதி, சர்ச்சிலிருந்து ஆறு வரைக்கும் இறக்கம்.

மின்சாரப் பம்ப் ஒன்று இருந்தால் போதும். ஆனால் வெர்ல் கடையில் வாங்கினால் மதியச் சாப்பாட்டுக்குள் ஊருக்குத் தெரியும். தபாலில் வரவழைக்க நாள் போதாது. டுவேன் இந்த நிலையில்தான், ஜூலை மூன்றாம் தேதி மத்தியானம், எலுமிச்சைச் சாறு எடுக்கச் சமையலறைக்குள் போனார்.

லான்சிங்கிலிருந்து மகள் கெல்சி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். மேஜை மேல் தாய்ப்பால் எடுக்கும் சின்ன இயந்திரம் ஒன்று இருந்தது. ஹீஷ்-பப், ஹீஷ்-பப் என்று மூச்சுவிட்டது. கெல்சி சால்வையைப் போர்த்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டுவேன் மரியாதையாகக் கூரையைப் பார்த்தபடியே திரும்ப இருந்தவர், இயந்திரத்தின் ஓரத்தில் திருகும் குமிழைக் கண்டார். 'இழுப்பு' என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் சுருட்டி வைத்த ஒரு ஒயர். அதன் முனை கார் சிகரெட் லைட்டரில் செருகுவதற்கானது.

கெல்சி தூங்கப் போனதும் அவர் அதைக் கராஜுக்கு எடுத்துப் போய், கேஜில் மாட்டிப் பார்த்தார். தம் கேஜை அவர் வெளியே எடுத்தது அந்த வருஷத்தில் அதுவே முதல் தடவை; தொழிற்சாலை மூடியைத் தொட வேண்டியிருக்கவில்லை. முள் பத்தில் போய் நின்றது. என்ஜின் ஆறுதான் காட்டும் என்று இண்டியானா மெக்கானிக் பில்லிலேயே எழுதியிருந்தார். தாய்மையின் மேல் அவருக்குத் திடீரென்று பெரிய மதிப்பு உண்டானது. சத்தமில்லாமல் கொண்டுபோய் இருந்த இடத்தில் வைத்தார்.

மறுநாள் காலை, கெல்சி குளிக்கப் போனபோது, இயந்திரம் மறுபடியும் கராஜுக்கு வந்தது. பாட்டிலில் பாதிக்குப் பால் இருந்தது. அதை எப்படிக் கழற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. அப்படியே சாய்த்து ஒரு சின்ன ஐஸ் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை முன்சீட்டுக்கடியில் தள்ளினார். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாயை இழுத்து, வால்வுக்கும் பூஸ்டருக்கும் நடுவே இணைத்தார். பெடலை மிதித்துப் பார்த்தார். கார் நின்றது. 

ஊர்வலத்தில் அவருக்கு முன்னால் பால் பண்ணையாளர் சங்கத்தின் வண்டி போனது. டிராக்டர் இழுத்த மேடையில் கோழி வலையும் காகிதமும் ஒட்டிச் செய்த ஒரு பசு, யானை உயரத்துக்கு, பின்புறத்தை டுவேனுக்குக் காட்டி நின்றது. பின்னால் பள்ளிக்கூட பாண்டு. நடுவே ஆரஞ்சுக் கார், லொடக் லொடக் என்று. இரண்டு பக்கமும் நடைபாதையில் ஊரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தது. பின்சீட்டின் முதுகு மேல் உட்கார்ந்து ராக்ஸேன் கையசைத்தார். அவர் பஸ்ஸில் போய் வளர்ந்தவர்கள்தான் பாதிக் கூட்டம். பெயர் சொல்லிக் கத்தினார்கள்.

டுவேன் மிதித்தபோதெல்லாம் கார் நின்றது. சர்ச்சை நெருங்குவதற்குள், இதற்கெல்லாமா கவலைப்பட்டோம் என்று அவருக்கே தோன்றியது. இடைவெளி விழுந்த இடங்களில் என்ஜினை ஒரு உறுமு உறுமவிட்டு, கைதட்டலை வாங்கிக்கொண்டார்.

"அது என்ன சத்தம்?" என்றார் ராக்ஸேன், கையசைப்பதை நிறுத்தாமல்.

"என்ன சத்தம்?"

"யாரோ மூச்சு விடுறாங்க."

"கடிகாரம். டாஷ்போர்டு கடிகாரம்."

"இந்த மாடல்ல கடிகாரம் ஓடி நான் பாத்ததே இல்ல." கொஞ்ச தூரம் போனது. "சீட்டுக்கடியில அந்தப் பெட்டியில என்ன?"

"ஹாம் பன்."

"ஒண்ணு குடேன். காலையில சாப்பிடல."

"அது ஊர்வலம் முடிஞ்சப்புறம்."

சர்ச் வாசலில், இறக்கம் தொடங்கும் இடத்தில், ஊர்வலம் நின்றது. பாண்டு ஒரு பாட்டை முடித்தது. அந்த அமைதியில் நடைபாதைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கெல்சி வந்தாள். தோளில் வீறிடும் குழந்தை. சட்டையில் இரண்டு இடங்களில் வட்டமாக ஈரம்.

"அப்பா. என் பம்ப் எங்க?"

டுவேன் கூட்டத்தைப் பார்த்துப் புன்னகைத்தார். "வீட்டுல இருக்கும்மா. பொறுமையா தேடு."

"அம்மா வீட்டையே கவுத்துத் தேடிட்டாங்க. காலையிலேருந்து எடுக்கல. கல்லு மாதிரி கட்டிக்கிட்டு வலிக்குதுப்பா. இவனும் குடிக்க மாட்டேங்குறான்."

"அப்புறம் பேசலாம்."

ஹீஷ்-பப், என்றது கார். கெல்சி அசையாமல் நின்றாள். நாலு மாதமாக அந்தச் சத்தத்தோடுதான் அவள் விடிந்து எழுந்திருக்கிறாள். ஹீஷ்-பப்.

"அப்பா" என்றாள், மிகவும் மெதுவாக. "உன் கார்ல என் பம்ப் ஓடுது."

டுவேன் முன்னால் பார்த்தார்: இறக்கம், பசு. பசுவின் மேல், கிராதித் தகட்டில் பட்டுத் தெறித்த வெயில். ராக்ஸேனைப் பார்க்கத் துணியவில்லை. நடைபாதையில், முதல் வரிசை நாற்காலியில், வெர்ல் ஹாட் டாக்கைக் கடிக்க வாயைத் திறந்தவர் திறந்தபடியே இருந்தார். பிறகு டுவேன் மகளின் முகத்தைப் பார்த்தார். பிரசவத்தன்று கூட அவள் இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதாக நினைவில்லை.

அவர் குனிந்து, பெட்டியை இழுத்து, மூடியைத் திறந்தார்.

"எடுத்துக்கோ."

கெல்சி ஒரே இழுப்பாக இழுத்தாள். குழாய் பிய்ந்துகொண்டு வந்தது. அவள் பாட்டிலை வெயிலுக்கு உயர்த்திப் பார்த்தாள். "இதுல பாதிக்குப் பால் இருந்துச்சே. எங்க?"

பதில் சொல்ல டுவேனுக்கு நேரமில்லை. அறுந்த குழாய் வழியாகப் பூஸ்டருக்குள் காற்று சீறிக்கொண்டு போனது, பெடல் செங்கல்லானது, கார் நகர ஆரம்பித்தது. அவர் இரண்டு காலாலும் பெடல் மேல் ஏறி நின்றார். விசேஷமான வேகம் எதுவும் இல்லை. நடைபாதையில் இருந்த குழந்தைகள் நடந்தே கூட வந்தார்கள். ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, ஹாலோவே சங்கத்தின் தலைமை நடுவர், நாற்காலி மேல் எலிக்குப் பயந்து ஏறியவர் போல ஸ்டியரிங்கைப் பிடித்து நின்றபடி, மிக மெதுவாகப் போய்ப் பசுவின் பின்னங்கால்களுக்கு நடுவே காரின் மூக்கைச் செருகினார். பசுவின் வால் என்ஜின் மூடி மேல் விழுந்தது.

ராக்ஸேன் முன்சீட்டுக்குத் தாவி, சீறிக்கொண்டிருந்த குழாய் முனையைக் கட்டைவிரலால் அடைத்தார். சீறல் நின்றது. விரல் இழுபடுவதைக் கவனித்தார்.

"ரொம்பச் சோகையா இழுக்குதே" என்றார். "என் கார்ல பம்ப் போடறதுக்கு முன்னாடி இப்படித்தான் இருந்துச்சு. எந்த ஊர்ல தண்டு மாத்தின, நடுவர் ஐயா?"

டுவேன் சீட்டில் இறங்கி உட்கார்ந்தார்.

"இண்டியானா."

"அங்க நல்லாத்தான் பண்ணுவாங்க" என்றார் ராக்ஸேன். ஆறு வரைக்கும் ஒரு கையால் குழாயை அடைத்துக்கொண்டு மறு கையால் ஊருக்குக் கையசைத்துக்கொண்டே வந்தார்.

சனிக்கிழமை கராஜில் சங்கம் கூடியது. டோனட் வந்திருந்தது. டுவேன் வெள்ளைக் கையுறை மாட்டி, தாமே திருகுகளைக் கழற்றித் தகட்டை எடுத்து ராக்ஸேனிடம் கொடுத்தார். பிறகு பேசினார். நேர்மை என்பது தவறாமல் இருப்பதல்ல, தவறியதை ஆண்மையோடு ஒப்புக்கொள்வது என்றார். இதை எப்போதிருந்து சொல்லிவருகிறார் என்று யாரும் கேட்கவில்லை. கேம் தண்டு விஷயத்தில் தாம் சறுக்கியது உண்மை. ஆனால் அந்த ஒன்றைத் தவிர இந்தக் காரில் தொழிற்சாலை வைக்காத எதுவும், ஒரு துளி கூட, இல்லை. உதாரணத்துக்குப் பூஸ்டரையே எடுத்துக்கொள்ளலாம். சரியான காலத்து முத்திரை. உள்ளும் புறமும் சுத்தம். யார் வேண்டுமானாலும் கழற்றிப் பார்க்கலாம், கழற்ற வேண்டும் என்று தாமே கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

வெர்ல் கழற்றினார். வால்வுக் குழாயை உருவினார். டப்பாவைத் தலைகீழாகப் பிடித்தார்.

ஒரு கரண்டி தயிர் விழுந்தது.